துறவியும் துளையட்டையும்

அலுவலகங்களிலும் பள்ளிகளிலும் மருத்துவமனைகளிலும் பணிபுரியும் நம் இறைமக்கள் பலர் இன்று செயற்கை நுண்ணறிவுக் கருவிகளைக் கையாளத் தொடங்கியுள்ளனர். கடிதம் வரையவும், நீண்ட அறிக்கையைச் சுருக்கவும், தேர்வுக்கு வினாக்கள் தொகுக்கவும் முன்பு அரை நாள் தேவைப்பட்டது. இன்று அவ்வேலை சில நிமிடங்களில் முடிந்துவிடுகிறது. 2022ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள் 'சாட்ஜிபிடி' என்னும் கருவி பொதுமக்களின் பயன்பாட்டிற்கு வந்தது முதல் இந்த மாற்றம் மிக விரைந்து பரவியுள்ளது. இதனை மாபெரும் வரம் என்று போற்றுவோர் ஒருபுறம். உழைப்பவரின் பிழைப்புக்கு உலை வைக்க வந்தது என்று அஞ்சுவோர் மறுபுறம். இந்த இரு குரல்களுக்கும் இடையே எளிய கேள்வியொன்று கேட்கப்படாமலே போகிறது. பொறி மிச்சப்படுத்தித் தருகின்ற அந்த அரை நாள் எங்கே செல்கிறது? அது யாருக்குச் சேர்கிறது?

இக்கேள்விக்கு விடை தேட நாம் வெகுதொலைவு செல்ல வேண்டியதில்லை. மொழியை ஆராயும் பணிக்குப் பொறிகளின் துணையை நாடிய முன்னோடிகளுள் முதன்மையானவராக உலகம் மதிப்பவர் ஒரு கத்தோலிக்கக் குரு. இத்தாலி நாட்டைச் சேர்ந்த சேசு சபைத் துறவி இராபர்த்தோ பூசா. அறிவுப்பணியில் பொறியைப் பயன்படுத்துவோர்க்கு நேரக்கூடிய நன்மையும், அதன் பின்னே மறைந்து நிற்கும் ஒரு கடனும் அவருடைய வாழ்க்கைப் பணியில் தெளிவாகத் தெரிகின்றன. அவ்வரலாற்றை இங்கே சற்று விரிவாக நோக்குவோம்.

சொல்லடைவு என்னும் பழைய கருவி

வேலையை எளிதாக்கும் கருவி என்றதும் இரும்பும் மின்சாரமுமே நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால் அறிவுப்பணியை எளிதாக்கிய பழைய கருவிகளுள் ஒன்று வெறும் ஏட்டாலும் மையாலும் ஆனது. அதன் பெயர் சொல்லடைவு. ஒரு நூலில் ஒரு சொல் எங்கெங்கே வருகிறது என்பதை அகர வரிசையில் தொகுத்துக் காட்டுவது அது. 13ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், பாரிஸ் நகரின் தூய யாக்கோபு மடத்தில் வாழ்ந்த சாமிநாதர் சபைத் துறவியர், பின்னாளில் கர்தினாலாக உயர்த்தப்பட்ட ஹூகோ என்பவரின் தலைமையில் இலத்தீன் விவிலியத்திற்கு முதல் சொல்லடைவை உருவாக்கினர். அதற்கு முன் 'இரக்கம்' என்னும் சொல் திருநூலில் எங்கெல்லாம் ஆளப்பட்டுள்ளது என அறிய விரும்பிய மறையுரையாளர் ஒருவர் திருநூல் முழுவதையும் நெஞ்சில் தாங்கியிருக்க வேண்டும். இல்லையெனில் நாள் கணக்கில் ஏடுகளைப் புரட்ட வேண்டும். சொல்லடைவு வந்தபின் சில நொடிகளில் இடம் தெரிந்துவிட்டது. ஹூகோவின் பெயர் வரலாற்றில் நிலைத்தது. அவருக்காக வரி வரியாக ஏடுகளைப் புரட்டிக் குறிப்பெடுத்த துறவியரில் பெரும்பாலோரின் பெயர்கள் நிலைக்கவில்லை.

நம் தமிழ் மண்ணிலும் இத்தகைய மாற்றம் ஒன்று நிகழ்ந்தது. பழந்தமிழ் நிகண்டுகள் செய்யுள் வடிவில் அமைந்தவை. மாணவர் அவற்றை மனப்பாடம் செய்து நினைவில் இருத்தினர். பூசாவைப் போலவே இத்தாலி நாட்டில் பிறந்து சேசு சபையில் சேர்ந்த வீரமாமுனிவர், 1732ஆம் ஆண்டில் தம் சதுரகராதியைச் சொற்களின் அகர வரிசையில் அமைத்துத் தந்தார். நிகண்டை மனப்பாடம் செய்யாதவரும் தேடிய சொல்லை எடுத்துக்கொள்ள வழி பிறந்தது. நினைவின் சுமை குறைந்தது. ஆனால் கற்கும் கடமை குறையவில்லை. இதனை நாம் மனத்தில் கொள்வது நல்லது. அறிவுக்கு உதவும் கருவி எதுவாயினும் ஒரு சுமையை இறக்கி வைக்கும்போதே மற்றொரு கடமையைச் சுமத்தியே செல்கிறது.

பத்தாயிரம் கையெழுத்து அட்டைகள்

பூசா 1913ஆம் ஆண்டு நவம்பர் 28ஆம் நாள் இத்தாலியின் விச்சென்சா நகரில் பிறந்தார். பெல்லூனோ குருமடத்தில் பயின்றபோது அவருடன் பயின்றவர்களுள் ஒருவர் அல்பீனோ லூச்சியானி; பின்னாளில் திருத்தந்தை முதலாம் யோவான் பவுல் என்று உலகம் அறிந்தவர் அவரே. 1933ஆம் ஆண்டில் சேசு சபையில் சேர்ந்து, 1940ஆம் ஆண்டில் குருவாகத் திருநிலைப்படுத்தப்பட்ட பூசா, இரண்டாம் உலகப் போரின் காலத்தில் படைவீரரிடையே ஆன்ம குருவாகப் பணியாற்றினார். பேராசிரியராக வேண்டும் என்னும் ஆவல் அவருக்குச் சிறிதும் இருந்ததில்லை. சபைத் தலைவர் கேட்டபோது விருப்பமில்லை என்றே விடையளித்தார். இருப்பினும் அப்பணியே அவருக்குத் தரப்பட்டது. கீழ்ப்படிதல் என்னும் வார்த்தைப்பாடு ஒரு மனிதரை எங்கெல்லாம் கொண்டு சேர்க்கிறது என்பதற்கு அவருடைய வாழ்வே சான்று.

உரோமையின் கிரகோரியன் பல்கலைக்கழகத்தில் அவர் மேற்கொண்ட முனைவர் பட்ட ஆய்வின் பொருள், புனித தோமா அக்குவினாசின் நூல்களில் 'உடனிருத்தல்' என்னும் கருத்து. இறைவன் ஆன்மாவில் உடனிருக்கிறார் என்று மறைவல்லுநர் தோமா கூறும்போது, அதை எச்சொற்களால் கூறுகிறார்? பூசா தேடத் தொடங்கியதும், 'உடனிருப்பு' என்னும் பெயர்ச்சொல்லைவிட, 'உள்ளே' என்னும் பொருள் தரும் 'இன்' என்ற மிகச் சிறிய இலத்தீன் இடைச்சொல்லே அக்கருத்தைத் தாங்கி நிற்கிறது என்று கண்டார். நம் தமிழில் 'இல்', 'கண்' என்னும் ஏழாம் வேற்றுமை உருபுகளைப் போன்றது அச்சொல். எந்தச் சொற்பட்டியலும் அத்தகைய சிறு சொல்லைப் பொருட்படுத்திக் குறிப்பதில்லை. ஆகவே பூசா தம் கைப்பட அச்சொல் வரும் வாக்கியங்களைப் பத்தாயிரம் அட்டைகளில் எழுதி வரிசைப்படுத்தினார். 1946ஆம் ஆண்டில் ஆய்வு நிறைவுற்றது.

இங்கேதான் அவருடைய எண்ணம் விரிந்தது. ஒரு சிறு சொல்லுக்கே பத்தாயிரம் அட்டைகள் என்றால், தோமாவின் எல்லா நூல்களிலும் உள்ள எல்லாச் சொற்களுக்கும் அடைவு செய்ய எத்தனை வாழ்நாள் வேண்டும்? பொறியின் துணையின்றி அது இயலாது என்று அவர் உணர்ந்தார்.

நியூயார்க்கில் ஒரு சந்திப்பு

1949ஆம் ஆண்டில் பூசா அமெரிக்கா சென்றார். பல பல்கலைக்கழகங்களில் விசாரித்தபின் நியூயார்க் நகரில் ஐ.பி.எம். நிறுவனத்தின் தலைவர் தாமஸ் வாட்சனைச் சந்தித்தார். கணிப்பொறி என்று இன்று நாம் அழைப்பது அன்று குழந்தைப் பருவத்தில் இருந்தது. அந்நிறுவனத்தின் பொறிகள் பெரும்பாலும் துளையட்டைகளைக் கொண்டு வணிகக் கணக்குகளையும் புள்ளிவிவரங்களையும் தொகுத்துத் தருபவை. எழுத்துகளையும் சொற்களையும் அவ்வாறு தொகுக்க இயலாது என்று பொறியாளர்கள் ஏற்கெனவே வாட்சனுக்கு அறிக்கை அளித்திருந்தனர்.

கடினமானதை உடனே செய்வோம், முடியாததைச் செய்யச் சற்றுக் கூடுதல் நேரம் ஆகும் என்னும் கருத்தில் அந்நிறுவனமே அச்சிட்டிருந்த விளம்பரத்தாள் ஒன்றைப் பூசா கையோடு கொண்டு சென்றிருந்தார். அதை வாட்சனிடமே காட்டி, முயன்று பாராமலே முடியாது என்று கூறுவது முறையா என்று வினவினாராம். வாட்சன் உதவ இசைந்தார். ஆனால் நிறுவனத்தின் பெயரிலுள்ள 'பி' என்னும் எழுத்து பூசாவின் பெயரைக் குறிப்பதாக மாறிவிடலாகாது என்று நகைச்சுவையாக நிபந்தனை விதித்தார். பூசாவே பிற்காலத்தில் இதனைச் சுவைபடக் கூறியிருக்கிறார். அன்று தொடங்கிய ஆதரவு ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் நீடித்தது.

1951ஆம் ஆண்டில் முதல் மாதிரி நூல் வெளிவந்தது. தோமா இயற்றிய வழிபாட்டுப் பாடல்களின் சொற்களைத் துளையட்டைப் பொறிகளைக் கொண்டு தொகுத்து அச்சிட்ட நூல் அது. நற்கருணை ஆசீரின்போது நம் ஆலயங்களில் தலைமுறை தலைமுறையாக ஒலித்து வரும் பாடலும் அதே தோமாவின் படைப்பே என்பதை எண்ணும்போது, அப்பொறியின் ஓசைக்கு நடுவே ஒரு வழிபாட்டின் எதிரொலியும் கேட்பதாகவே தோன்றுகிறது.

பொறி உழைத்த நேரமும் மனிதர் உழைத்த நேரமும்

மிலான் நகருக்கு அருகிலுள்ள கல்லராத்தே என்னும் நெசவுத்தொழில் நகரில், சேசு சபையின் மெய்யியல் கல்விக்கூடத்தை மையமாகக் கொண்டு பணி வளர்ந்தது. முதலில் திட்டமிட்டபடி சொல்லுக்கு ஓர் அட்டை என்று செய்திருந்தால் ஏறத்தாழ 1 கோடியே 30 இலட்சம் அட்டைகள் சேர்ந்திருக்கும். அவற்றை அடுக்கினால் 90 மீட்டர் நீளமும் 500 டன் எடையும் இருந்திருக்கும் என்று பூசா கணக்கிட்டார். பின்னர் காந்த நாடாக்கள் வந்து அந்தச் சுமையைக் குறைத்தன. கல்லராத்தேக்குப் பின் பீசா, அமெரிக்காவின் போல்டர், வெனிஸ் ஆகிய இடங்களில் பணி தொடர்ந்தது. இறுதியில் 1974 முதல் 1980 வரையுள்ள ஆண்டுகளில் 'தோமா சொல்லடைவு' 56 பெருந்தொகுதிகளாக அச்சேறியது. ஒரு கோடிக்கும் மேற்பட்ட இலத்தீன் சொற்கள் அதில் இடம்பெற்றன. 2005ஆம் ஆண்டில் அது இணையத்திலும் வெளிவந்தது.

இனி நாம் சிந்திக்க வேண்டிய கணக்கு ஒன்று உண்டு. இப்பணி முழுவதற்கும் பொறிகள் உழைத்த நேரம் 10,000 மணிக்கும் குறைவு என்றும், மனிதர் உழைத்த நேரம் 10 இலட்சம் மணிக்கும் மிக அதிகம் என்றும் பூசா எழுதியுள்ளார். பொறி ஒரு மணி நேரம் உழைப்பதற்கு மனிதர் நூறு மணிக்கு மேல் உழைத்துள்ளனர். வேலையைக் குறைப்பதற்காக அழைக்கப்பட்ட பொறி இத்தனை வேலையை ஏன் தந்தது?

காரணம் எளியது. பொறி எண்ணும், அடுக்கும், வரிசைப்படுத்தும். ஆனால் எதை எண்ண வேண்டும் என்பதை மனிதரே அதற்குச் சொல்ல வேண்டியிருந்தது. 'ஆறு' என்னும் தமிழ்ச் சொல்லை எடுத்துக்கொள்வோம். அது நதியா, எண்ணா, வழியா, அல்லது 'ஆறுதல் கொள்' என்னும் ஏவலா? எழுத்து ஒன்றே, பொருள் வேறு. அன்றைய பொறிக்கு எல்லாம் ஒன்றாகவே தெரியும். இலத்தீனிலும் இத்தகைய சொற்கள் ஏராளம். ஒவ்வொரு சொல்வடிவத்தையும் அதன் வேர்ச்சொல்லோடு இணைத்துப் பொருள் பிரிக்கும் வேலை கற்றறிந்த மனிதருடையதாயிற்று. பொறியைக் கொண்டு பழைய வேலையையே விரைவாகச் செய்து முடிப்பதைப் பூசா பெரிதாக எண்ணவில்லை. முன்பு கேட்கவே இயலாதிருந்த ஆழமான கேள்விகளைக் கேட்பதற்குப் பொறி வாய்ப்பளிக்கிறது. அதற்கு மனிதர் முன்னினும் மிகுதியாகச் சிந்திக்க வேண்டும். இதுவே அவர் வாழ்நாள் முழுவதும் வலியுறுத்திய கருத்து.

பெயர் எழுதப்படாத பெண்கள்

அந்தப் பத்து இலட்சம் மணி நேரத்தை உழைத்தவர் யாவர்? ஆய்வுப்பணியில் துணைநின்ற அறிஞர்கள் ஒரு பகுதியினர். ஆனால் அட்டைகளில் துளையிட்டும் சரிபார்த்தும் உழைத்தவர்கள் பெரும்பாலும் கல்லராத்தே பகுதியின் இளம்பெண்கள். அவர்களுக்கெனப் பூசா பயிற்சிப் பள்ளி ஒன்றை நடத்தினார். அவரே தரும் விவரங்களின்படி, அதற்கு முன் வேறு எங்கும் வேலை பார்த்திராதவர்களே சேர்த்துக்கொள்ளப்பட்டனர். ஒரு மாதத் தேர்வுக்குப்பின் ஐவரில் ஒருவரே எடுத்துக்கொள்ளப்பட்டார். நாளொன்றுக்கு எட்டு மணி நேரம், நான்கு அரையாண்டுகள் பயிற்சி நடந்தது. இலத்தீன் அறியாத அப்பெண்கள் இலத்தீன் நூல்களைத் துளையட்டையில் ஏற்றினர். எபிரேய எழுத்துகளுக்கு மாறவும் அவர்களுக்கு இரண்டு வாரங்களே தேவைப்பட்டன. ஒருவர் துளையிட்ட அட்டையை மற்றொருவர் மீண்டும் விசையழுத்திச் சரிபார்த்தார். பயிற்சி முடியும் முன்பே தொழில் நிறுவனங்கள் அவர்களை வேலைக்கு அழைத்தன என்பதையும் நேர்மையோடு குறிப்பிட வேண்டும். ஆதலின் அவர்கள் அங்கே பெற்றதும் உண்டு.

எனினும் அவர்களுள் பெரும்பாலோரின் பெயர்கள் பல்லாண்டுகளாக வரலாற்றில் இடம்பெறவில்லை. மிலான் நகரின் திரு இருதயக் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் பூசாவின் ஆவணங்கள் பாதுகாக்கப்படுகின்றன. அங்குள்ள நூற்றுக்கணக்கான நிழற்படங்களில் பொறிகளின் முன் அமர்ந்திருக்கும் அந்த இளம்பெண்களைக் காணலாம். முகங்கள் உண்டு, பெயர்கள் இல்லை. 2016ஆம் ஆண்டில் மெலிஸ்ஸா டெராஸ், ஜூலியன் நைஹன் என்னும் இரு பெண் ஆய்வாளர்கள் இதனைச் சுட்டிக்காட்டி எழுதினர். பின்னர் நைஹன், அப்பெண்களுள் சிலரைக் கண்டறிந்து அவர்களுடைய வாய்மொழியைக் கேட்டு, மறைந்துபோன அவ்வுழைப்பின் வரலாற்றை ஒரு நூலாகவே வெளியிட்டார். 1950களிலும் 1960களிலும் உழைத்தவர்களின் வரலாறு அரை நூற்றாண்டுக்குப் பின்னரே எழுதப்பட்டது.

பூசாவின் மீது குற்றஞ்சுமத்துவது நம் நோக்கமன்று. அக்காலத்து உலகம் தட்டச்சு செய்வோரையும் துளையிடுவோரையும் பொறியின் ஓர் உறுப்பாகவே கண்டது. அவரும் அக்காலத்தின் மனிதரே. ஆயினும், உடனிருத்தலை ஆராய்ந்த ஒரு நூலின் உருவாக்கத்தில் உடனிருந்தவர்களே கண்ணுக்குத் தெரியாமல் போனார்கள் என்பது நம்மைச் சிந்திக்க வைக்க வேண்டும்.

திருநூலில் இதற்கு மாற்றான எடுத்துக்காட்டு ஒன்று இருக்கிறது. புனித பவுல் உரோமையருக்கு எழுதிய திருமுகத்தின் இறுதி அதிகாரத்தில், பவுல் சொல்லச் சொல்ல எழுதிவந்த தெர்த்தியு என்பவர், தம் பெயரைத் தாமே குறிப்பிட்டு ஆண்டவரில் வாழ்த்துக் கூறுகிறார். திருத்தூதரின் மாபெரும் இறையியல் திருமுகத்தில் எழுத்தர் ஒருவருக்கு ஒரு வரி இடம் கிடைத்திருக்கிறது. இறைவாக்கினர் எரேமியாவின் சொற்களைச் சுருளேட்டில் எழுதிய பாரூக்கின் பெயரையும் திருநூல் மறக்கவில்லை. புனித தோமாவும்கூடத் தனியே எழுதியவர் அல்லர். அவருடைய கையெழுத்து பிறரால் படிப்பதற்கு அரிதாயிருந்தது. ஒரே வேளையில் எழுத்தர் பலருக்கு வெவ்வேறு பொருள்களைச் சொல்லி எழுதச் செய்வார் என்று அவர் காலத்தவர் சாட்சியம் அளித்துள்ளனர். அவருடைய பெருந்தொகை நூல்களின் பின்னே பிப்பெர்னோ ஊர் ரெஜினால்து முதலிய தோழர்களின் கைகள் இருந்தன.

திருச்சபையின் போதனை

திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் 1891ஆம் ஆண்டு மே 15ஆம் நாள் வெளியிட்ட தொழிலாளர் நிலை பற்றிய சுற்றுமடல், ஆலைப் பொறிகளின் காலத்தில் உழைப்பவரின் மாண்பைக் காக்க எழுந்த குரல். அதன் 90ஆம் ஆண்டு நிறைவில், 1981ஆம் ஆண்டில், திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் மனித உழைப்பைப் பற்றி ஒரு சுற்றுமடல் வழங்கினார். தொழில்நுட்பம் மனிதனுக்குத் துணைவன் என்பதை அவர் மறுக்கவில்லை. ஆனால் அது உழைப்பவரின் மனநிறைவையும் படைப்பாற்றலையும் பொறுப்புணர்வையும் பறிக்கும்போது, பலரை வேலையிலிருந்து நீக்கும்போது, பகைவனாக மாறிவிடக்கூடும் என்று எச்சரித்தார். உழைப்பின் மதிப்பு செய்து முடித்த பொருளில் மட்டும் இல்லை. அதைச் செய்பவர் மனிதர் என்பதிலேயே அது முதன்மையாக இருக்கிறது என்பது அவருடைய போதனையின் உயிர்நாடி.

2025ஆம் ஆண்டு ஜனவரி 28ஆம் நாள் வத்திக்கான் செயற்கை நுண்ணறிவைப் பற்றிய ஏடு ஒன்றை வெளியிட்டது. அந்நாள் புனித தோமா அக்குவினாசின் திருநாள். பகுத்துச் செல்லும் அறிவையும் உணர்ந்து அமரும் அறிவையும் தோமா வேறுபடுத்திக் காட்டியதை அவ்வேடு நினைவூட்டுகிறது. முன்னது ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் படிப்படியாக நடந்து செல்வது. பின்னது உண்மையைக் கண்டு அதில் இளைப்பாறுவது. மனிதரிடம் இவ்விரண்டும் ஒன்றே. பொறியோ எவ்வளவு விரைந்து நடந்தாலும் இளைப்பாறுவதற்கு அதற்கு ஓர் இல்லம் இல்லை. இக்கருவிகள் உற்பத்தியைப் பெருக்குவதாக வாக்களித்தாலும், பல இடங்களில் உழைப்பவரே பொறியின் வேகத்திற்கு ஏற்பத் தம்மை மாற்றிக்கொள்ளும் நிலை உருவாகிறது என்றும் அவ்வேடு கவலை தெரிவிக்கிறது. அதே ஆண்டு மே 8ஆம் நாள் தேர்ந்தெடுக்கப்பட்ட திருத்தந்தை பதினான்காம் லியோ, பதின்மூன்றாம் சிங்கராயரின் பெயரையே தாம் ஏற்றதற்கு, செயற்கை நுண்ணறிவு எழுப்பியுள்ள உழைப்பைப் பற்றிய புதிய கேள்விகளையும் ஒரு காரணமாகக் குறிப்பிட்டார்.

நமக்குரிய கேள்விகள்

இன்றைய கருவி பூசாவின் துளையட்டைப் பொறி அன்று. அது கணக்கற்ற நூல்களிலிருந்து சொற்கள் ஒன்றையொன்று தொடரும் முறையைக் கற்று, தானே வாக்கியம் அமைக்கிறது. 'ஆறு' நதியா எண்ணா என்பதையும் இடம் நோக்கிப் பெரும்பாலும் சரியாகவே கண்டுகொள்கிறது. ஆயினும் கல்லராத்தே தரும் பாடம் பழையதாகிவிடவில்லை. இக்கருவியை நாளும் பயன்படுத்தும் நம் மக்கள் தம்மைத் தாமே மூன்று கேள்விகள் கேட்டுக்கொள்வது நலம்.

முதலாவது: சரிபார்த்தது யார்? கல்லராத்தேயில் ஒருவரின் வேலையை மற்றொருவர் சரிபார்த்தார். இன்றைய கருவியோ இல்லாததை இருப்பதாகத் தெளிந்த நடையில் கூறிவிடக்கூடியது. 2023ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், கருவி புனைந்து தந்த இல்லாத தீர்ப்புகளை மேற்கோள் காட்டி மனு அளித்த வழக்கறிஞர்களுக்கு நியூயார்க் நீதிமன்றம் 5,000 டாலர் தண்டத்தொகை விதித்தது. கருவி எழுதலாம், கையெழுத்து நம்முடையது. நோயாளியைப் பற்றிய குறிப்பாயினும், மாணவனைப் பற்றிய மதிப்பீடாயினும், ஒரு குடும்பத்தின் கடன் விண்ணப்பமாயினும், அதில் கையொப்பமிடுபவர் அதனைப் படித்திருக்கவும் அதற்குப் பொறுப்பேற்கவும் வேண்டும். பொய்ச்சான்று சொல்லலாகாது என்னும் கட்டளையில் பொறிக்கென்று தனி விலக்கு எதுவும் இல்லை.

இரண்டாவது: மறைந்திருக்கும் கை யாருடையது? இன்றைய நுண்ணறிவுப் பொறிகளுக்குப் பின்னும் கண்ணுக்குத் தெரியாத மனிதர் அமர்ந்துள்ளனர். படங்களுக்குப் பெயரிடவும், தீய உரைகளைப் படித்துத் தரம் பிரிக்கவும் ஆயிரக்கணக்கானோர் கூலிக்கு அமர்த்தப்படுகின்றனர். கென்யா நாட்டில் இத்தகைய பணியாளர் சிலர், மனத்தைக் காயப்படுத்தும் உரைகளை நாள்தோறும் படித்து, மணிக்கு 2 டாலருக்கும் குறைவான ஊதியம் பெற்றதை 2023ஆம் ஆண்டு ஜனவரியில் 'டைம்' இதழ் வெளிக்கொணர்ந்தது. நம் தமிழகத்தின் சிறு நகரங்களிலும் இளம்பெண்கள் பலர் இத்தகைய பணியில் உள்ளனர். வறண்ட ஊர்களில் அது குடும்பத்தைக் காக்கும் நல்ல வேலையாகவும் இருக்கலாம். ஆனால் அவர்களுக்கு நேரிய ஊதியமும் ஓய்வும் உண்டா என்று கேட்பது, கருவியின் பயனை நுகரும் நம் கடமை. கல்லராத்தேயின் பெண்களுக்கு அரை நூற்றாண்டு கழித்துக் கிடைத்த கவனம் இவர்களுக்கு இன்றே கிடைக்க வேண்டும்.

மூன்றாவது, தொடக்கத்தில் எழுப்பிய கேள்வி: மிச்சமான நேரம் எங்கே செல்கிறது? எட்டு மணி நேர வேலை நான்கு மணியில் முடிந்தால், மேலாளர் மேலும் நான்கு மணி வேலையைச் சுமத்துவதே இன்று பெரும்பாலும் நடக்கிறது. சில இடங்களில் இருவர் செய்ததை ஒருவர் செய்யட்டும் என்று மற்றவரை வீட்டுக்கு அனுப்பிவிடுகின்றனர். நேரம் மிச்சமாயிற்று, ஆனால் அது உழைத்தவரிடம் வந்து சேரவில்லை. நம் இறைமக்களில் தொழில் நடத்துவோரும் மேலாளராக இருப்போரும் உள்ளனர். பொறி தந்த பேறு பொதுச்சொத்து என்றும், அதில் உழைப்பவருக்கும் பங்குண்டு என்றும் அவர்கள் எண்ணுவார்களாயின், அதுவே நம் காலத்தில் சமூக நீதியின் ஒரு வடிவம். கூடுதல் ஊதியமாகவோ, குறைந்த வேலை நேரமாகவோ, புதிய தொழிற்பயிற்சியாகவோ அப்பங்கைத் தரலாம்.

நேரம் நம் கையில் மிஞ்சும்போது அதை என்ன செய்கிறோம் என்பதும் கேள்வியே. பூசா தமக்கு மிஞ்சியதை ஆழத்திற்குச் செலவிட்டார். ஆசிரியர் ஒருவருக்கு வினாத்தாள் தொகுப்பதில் ஒரு மணி மிச்சமானால், வகுப்பில் பின்தங்கிய மாணவனிடம் அந்த மணி செல்லலாம். செவிலியருக்குப் பதிவேடு எழுதுவதில் மிச்சமானது நோயாளியின் படுக்கையருகே செல்லலாம். அலுவலகத்தில் உழைக்கும் தாய்க்கு மிச்சமானது, பிள்ளை உறங்குமுன் வீடு திரும்புவதற்கு உதவலாம். உடனிருத்தல் என்று பூசா தம் இளமையில் ஆராய்ந்தது இதையே அல்லவா? எந்தப் பொறியும் நமக்குப் பதிலாக ஒருவருடன் உடனிருக்க இயலாது.

1273ஆம் ஆண்டு டிசம்பர் 6ஆம் நாள் திருப்பலி நிறைவேற்றியபின் தோமா எழுதுவதை நிறுத்திவிட்டார். மீண்டும் எழுதும்படி ரெஜினால்து வேண்டியபோது, தாம் கண்டவற்றின் முன் தாம் எழுதியவை எல்லாம் வைக்கோலைப் போலத் தோன்றுவதாகக் கூறினார் என்பது மரபு. 56 தொகுதிகளில் ஒவ்வொன்றாக எண்ணி அடுக்கப்பட்டவை அவருடைய அந்தச் சொற்களே. அவற்றை எண்ணுவதில் தம் வாழ்வைச் செலவிட்ட பூசா, 2011ஆம் ஆண்டு ஆகஸ்ட் 9ஆம் நாள், தம் 97ஆம் வயதில், கல்லராத்தேயில் இறைவனடி சேர்ந்தார். சொற்களை எண்ணுவது பயனற்றது என்று இதற்குப் பொருளில்லை. எண்ணி முடித்த பின்னும் ஒன்று எஞ்சி நிற்கிறது. அதற்காகவே எண்ணினோம் என்பதுதான் பொருள்.

அன்பர்களே, கருவியைக் கண்டு அஞ்சவும் வேண்டாம். அதற்கு அடிபணியவும் வேண்டாம். இந்த வாரத்தில் அது உங்களுக்கு மிச்சப்படுத்தித் தந்த நேரம் எவ்வளவு என்று ஒருமுறை கணக்கிட்டுப் பாருங்கள். அதில் இறைவனுக்கும், இல்லத்தாருக்கும், உங்களைத் தேடி வருவோருக்கும் எவ்வளவு சென்றது என்பதையும் அதே கணக்கில் எழுதிப் பாருங்கள்.